24-ஆல் வகுத்தால் வரும் கார்

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மி.மீ. 1950களின் மெர்சிடீஸ் 300 எஸ்எல்லுக்கும் அதே 2,400தான். 1/24 அளவில், அதாவது உண்மைக் காரில் 24-இல் ஒரு பங்காகச் செய்த மாடலில், இரண்டுமே கச்சிதமாக 10 செ.மீ. இந்தக் கணக்கை, நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் காரின் பாகங்களைப் பெட்டியில் தரும் கிட் தயாரிப்பவர் நமக்காகப் போட்டு, பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார். அவர் போடாமல் விடும் கணக்குகள் சில இருக்கின்றன: பெயின்ட்டின் தடிமன், கண்ணாடியின் தடிமன், கதவு இடுக்கின் அகலம், ஸ்பார்க் பிளக் ஒயரின் பருமன், மெட்டாலிக் பெயின்ட்டில் மின்னும் துகளின் அளவு. இவற்றையும் 24-ஆல் வகுத்துப் பார்க்கிறவர் கட்டும் பழைய கார், கார் போல இருக்கும். வகுக்காதவர் கட்டுவது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பளபளப்பான பொம்மையாகவே தெரியும். பழைய கார்களில் இது இன்னும் கறாராகத் தெரிவதற்குக் காரணம், அந்தக் கார்களில் விளிம்பும் கம்பியும் முலாமும் அதிகம். பிழையை ஒளித்துவைக்க இடம் கிடையாது.

எந்த கிட்டை எடுப்பது

பழைய கார் கிட்களில் பெரும்பாலானவை 1/24 அல்லது 1/25. அமெரிக்கக் கார்களுக்கு 1/25 வழக்கமானதற்கு ஒரு வரலாறு உண்டு. டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் தம் விற்பனையாளர்களிடம் கொடுத்துவைத்த விளம்பர மாடல்கள் அந்த அளவில் வந்தன. 1948-இல் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம் அவற்றைச் செய்துகொண்டிருந்தது. அதே வார்ப்பு அச்சுகளின் வழியில் 1958-இல் '3-இன்-1' கிட்களைக் கொண்டுவந்தது. ஒரே பெட்டியில் தொழிற்சாலைக் கார், அலங்கரித்த கார், பந்தயக் கார் மூன்றுக்கும் பாகங்கள் இருக்கும். டமியா, ஹசேகவா, இடாலேரி, ஐசிஎம் போன்ற கிட் நிறுவனங்கள் பெரும்பாலும் 1/24. இரண்டுக்கும் வித்தியாசம் 4 சதவீதம்தான். ஆனால் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும், டயரையோ எஞ்சினையோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கைக்கும் தெரியும்.

முதல் கிட்டுக்கு மூடிய கூரையும் ஒரே துண்டாக வார்த்த பாடியும் உள்ள போருக்குப் பிந்தைய காரை எடுப்பது நல்லது. டமியாவின் 1966 பீட்டிலோ ஹசேகவாவின் பீட்டிலோ போதும்: பாகம் குறைவு, பொருத்தம் நன்று, குரோம் அளவோடு இருக்கும். 1930களின் திறந்த கார்கள் படத்தில் ஆசை காட்டும். மட்கார்டு, படிப்பலகை, ரேடியேட்டர், பானெட் எல்லாம் தனித்தனிப் பாகமாக வந்து நிற்கும்போது பொறுமையைத் தின்றுவிடும். 1/12 பென்ட்லி, 1/8 போகெர் ரோல்ஸ் ராய்ஸ் மாதிரியானவை அனுபவம் வந்த பிறகு.

பெட்டியின் தேதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. புதுப் பெட்டிக்குள் 1960களின் அச்சில் வார்த்த பாகங்கள் இருப்பது இந்தத் துறையில் சாதாரணம். தேய்ந்த அச்சின் அடையாளம் ஃப்ளாஷ்: பாகத்தின் ஓரத்தில் ஜவ்வு போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக். அதைச் சீவிவிடலாம். சீவ முடியாதது தவறான விகிதம். கூரை தாழ்ந்தோ முன்பக்கக் கண்ணாடியின் சாய்வு பிசகியோ இருந்தால் பள்ளம் நிரப்பும் எந்தப் பட்டியும் அதைக் காப்பாற்றாது. வாங்கும் முன் உண்மைக் காரின் பக்கவாட்டுப் படத்தோடு ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை.

பெயின்ட்டுக்கு முன்

பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஃபிரேமிலிருந்து அவற்றைக் கழற்றும் முன்பே வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து மெல்லிய பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து பாகம் கழன்று வருவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும். பெயின்ட் ஆங்காங்கே ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகுவதற்கு அதுவே முதல் காரணம். நிப்பரால் வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல் 2 மி.மீ. விட்டு வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, உப்புத்தாளில் முடிக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெளுத்துக் குழிவிழும். அந்தக் குழி பெயின்ட்டுக்கு மேலும் தெரியும்.

பாடியை விளக்குக்கு எதிரே சாய்த்துத் திருப்பிப் பார்த்தால் அச்சுக்கோடு தெரியும். முன் மட்கார்டின் மேல்முகட்டில் ஓடி, கூரைத் தூண்களில் ஏறி, டிக்கி ஓரமாக இறங்குவது அதன் வழக்கமான பாதை. கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டி, 400, 600, 1000 எண் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பாகத்தின் தடிமனான இடங்களில் பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளிழுத்துக்கொண்ட பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்குப் பட்டி பார்க்க வேண்டும். லாக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும்) வகைப் பட்டி காயக் காயச் சுருங்கும், ஆகவே ஒரு நாள் விட்டே தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பெயின்ட் அடித்த பிறகு அந்தப் பள்ளம் திரும்ப எட்டிப்பார்க்கும். சூப்பர் குளூவால் நிரப்பினால் கதை தலைகீழ்: ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், மறுநாள் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்து மேடு நிற்கும்.

இனி முதல் வகுத்தல். உண்மைக் காரில் கதவு இடுக்கு 4 முதல் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1/24-இல் 0.2 மி.மீ. நாம் அடிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (மேலே வரும் நிறமற்ற பூச்சு) எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 0.05 மி.மீ. ஏறினாலே இடுக்கின் இரு சுவர்களிலும் சேர்த்து 0.1 மி.மீ. போய்விடும். பாதி இடுக்கு காணோம். பல மாடல்களில் கதவு திறக்கவே திறக்காது என்ற தோற்றம் வருவதன் காரணம் இந்த எளிய கழித்தல்தான். ஆகவே பிரைமருக்கு முன்பே எல்லாக் கதவு, பானெட், டிக்கிக் கோடுகளையும் ஆழப்படுத்த வேண்டும். அகலப்படுத்தக் கூடாது. 0.15 மி.மீ. கீறும் கருவியோ கத்தியின் முதுகுமுனையோ போதும். அழுத்தாமல் நான்கைந்து முறை இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே அழுத்தினால் முனை கோட்டைவிட்டு வழுக்கி, கதவின் நடுவே ஒரு கீறல் போடும்.

போருக்கு முந்தைய கார்களின் தனித் தொல்லை

1950களின் காரில் பாடியும் மட்கார்டும் ஒன்று. பாடியைத் தனியே, சேசிஸை (அடிச்சட்டத்தை) தனியே முடித்துக் கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றை அமர்த்தலாம். 1910, 20, 30களின் கார்களில் சேசிஸ்தான் முதுகெலும்பு. மற்றதெல்லாம் அதன் மேல் தனித்தனியாக உட்காரும். எனவே சேசிஸ் கால் மி.மீ. முறுக்கியிருந்தாலும் அது மேலே போகப் போகப் பெருகும். கட்டுமுன் சேசிஸைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். எந்த மூலையாவது 'டக்' என்று ஆடினால் முறுக்கு இருக்கிறது. 60 முதல் 70 டிகிரி சூட்டு நீரில் சில வினாடி வைத்து, எதிர்த்திசையில் மெல்லத் திருகி, தட்டையான பரப்பில் அழுத்தியபடி குளிர்ந்த நீரில் ஆறவிட்டால் பெரும்பாலும் நிமிரும். கொதிநீர் வேண்டாம், பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கினால் குழைந்துவிடும்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் பானெட். ரேடியேட்டருக்கும் முன் தடுப்புச் சுவருக்கும் நடுவே மேல் பலகை, இரண்டு பக்கப் பலகை என்று மூன்று நான்கு துண்டாக அது வரும். ரேடியேட்டரை விளக்கத்தாள் சொல்லும் கட்டத்தில் சேசிஸில் ஒட்டிவிட்டு, இருபது கட்டங்கள் தாண்டி பானெட்டைப் போடப் போனால் ஒரு பக்கம் அரை மி.மீ. இடைவெளி, இன்னொரு பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டர் ஒரு மயிரிழை சாய்ந்ததன் விளைவு அது. விளக்கத்தாளின் வரிசையை இங்கே மீறுவதே சரி. பாடி, மட்கார்டு, ரேடியேட்டர், பானெட் எல்லாவற்றையும் பசையில்லாமல் மாஸ்கிங் டேப்பால் கட்டி நிறுத்தி, பானெட் சரியாக அமர்ந்த நிலையிலேயே ரேடியேட்டரின் அடியில் குறி வைத்துக்கொள்ள வேண்டும். 0.5 மி.மீ. துளையிட்டு பித்தளைக் கம்பித் துண்டை முளையாகப் பொருத்திவிட்டால், பெயின்ட் அடித்த பிறகும் ரேடியேட்டர் அதே இடத்தில்தான் உட்காரும்.

இதே முளை மட்கார்டுகளுக்கும் தேவை. அக்காலக் கார்களில் மட்கார்டு கறுப்பு, பாடி வேறு நிறம் என்பது பரவலான வழக்கம். தனித்தனியாக அடித்துப் பிறகு ஒட்ட வேண்டும். மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது. பெயின்ட்டின் மேல் வைத்தால் பெயின்ட்டைத்தான் கரைக்கும். ஒட்டும் முகங்களில் முன்கூட்டியே டேப் ஒட்டி பெயின்ட் படாமல் காப்பதும், உள்ளே முளை வைப்பதும் சேர்ந்தால்தான் அந்த இணைப்பு பத்து வருடம் நிற்கும்.

பெயின்ட்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

உண்மைக் காரின் பெயின்ட் தடிமன் சுமார் 0.1 மி.மீ. வகுத்தால் 0.004 மி.மீ. அவ்வளவு மெல்லிய படலத்தை யாராலும் அடிக்க முடியாது. நாம் அடிக்கும் 0.05 மி.மீ. உண்மை அளவில் ஒரு மி.மீ.க்கு மேல் கனமான பெயின்ட். விளிம்புகள் மழுங்குவதும் எழுத்துச் சின்னங்கள் மூழ்குவதும் இதனால்தான். ஒவ்வொரு பூச்சையும் (கோட்) ஏன் அடிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே அடிக்க வேண்டிய வேலை இது.

பிரைமர் இரண்டு மெல்லிய கோட். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கு வெள்ளை பிரைமர். கறுப்புக்கும் கரும்பச்சைக்கும் சாம்பல். பழைய கிட்களில் பாடியே சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்திருந்தால் ஒரு எச்சரிக்கை: அதிலுள்ள சாயம் மேலே அடிக்கும் வெள்ளையில் ஊறி இளஞ்சிவப்பாக எழும், சில நேரம் வாரக்கணக்கில் கழித்து. சில்வர் பெயின்ட் ஒரு கோட் அடித்தால் அந்த ஊறலை அடைத்துவிடும்.

ஏர்பிரஷில் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பால் பதத்துக்குக் கரைத்த பெயின்ட். ஸ்ப்ரே டப்பாவானால் 15 முதல் 20 செ.மீ. தூரம். முதல் கோட் தூவல் மட்டும். அடியில் பிரைமர் தெரிய வேண்டும். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, பாதி மூடும் அளவு. மூன்றாவதுதான் ஈரமான கோட். தூரம் அதிகமானால் துளி காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகும், குறைந்தால் வழியும். ஈரப்பதம் அதிகமான நாளில் லாக்கர் அடித்தால் மேற்பரப்பு பால் போல வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, அதில் நீர் படிவதன் விளைவு. அப்படி வெளுத்தால் மெதுவாகக் காயும் தின்னரை மெல்லிசாகத் தூவினால் பல நேரம் தெளிந்துவிடும்.

மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயின்ட்டான எனாமலின் மேல் லாக்கர் அடிக்கக் கூடாது, சுருங்கிச் சுருண்டுவிடும். லாக்கரின் மேல் எனாமல் அடிக்கலாம். காய்ந்துவிட்டதா என்பதை அறிய மூக்கே சிறந்த கருவி: பாடியை முகர்ந்து பார்த்து தின்னர் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. எனாமலுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

காலம் பற்றிய அறிவு இங்கே உழைக்கும். டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ எனும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் வந்தது. அதற்கு முன் காருக்கு நிறம் பூசுவது வார்னிஷும் பொறுமையும் கலந்த வேலை, நாட்கணக்கில் நடக்கும். நிறத்தின் மேல் தனியே கனமான கிளியர் கோட் அடிக்கும் முறை தொழிற்சாலைகளில் பரவியது 1980களில்தான். 1920களின் காருக்குக் கண்ணாடி போல ஈரமாக மின்னும் கிளியரை அடிப்பவர்கள் நிறைய. அழகாக இருக்கிறது என்பது உண்மை, அந்தக் கார் அப்படி இருந்ததில்லை என்பதும் உண்மை. 1940க்கு முந்தைய கார்களுக்குக் கிளியரைத் தவிர்த்து, நிறப் பூச்சையே பாலிஷ் செய்வது என் பரிந்துரை. டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) இருந்தால் அந்த இடத்தை மூடும் அளவுக்கு ஒரு மெல்லிய கோட்.

மெட்டாலிக் பெயின்ட் இன்னொரு வலை. உண்மைக் காருக்கான டச்-அப் பெயின்ட்டில் உள்ள அலுமினியத் துகள் 0.02 மி.மீ. என்றாலும் 1/24-இல் அது அரை மி.மீ. துகளாகத் தெரியும். மாடலுக்கென்றே நுணுக்கமாக அரைத்த மெட்டாலிக்தான் பொருந்தும்.

பாலிஷுக்கு 3200-இல் தொடங்கி 12000 வரை போகும் துணித் தாள்கள், பிறகு நடுத்தரம், நுண்மை என இரண்டு காம்பவுண்ட். தேய்க்கும்போது முதலில் போவது விளிம்புகளில் உள்ள பெயின்ட். மட்கார்டு முகட்டிலும் கதவு ஓரங்களிலும் 1 மி.மீ. டேப்பை ஒட்டிவைத்துத் தேய்த்து, கடைசிக் காம்பவுண்ட்டின்போது மட்டும் டேப்பை எடுத்தால் பிளாஸ்டிக் வெளியே வராது. ஆரஞ்சுத் தோல் போன்ற மேடு பள்ளம் முழுதும் மங்கும்வரை 3200-ஐ விடக் கூடாது. அங்கங்கே மினுக்கும் புள்ளிகள் இருந்தால் பள்ளம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

இரட்டை நிறக் கார்களுக்கு வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி, அதன் மேல் முதல் நிறத்தையே மெல்லிசாக ஒருமுறை தூவினால் டேப்புக்கடியில் கசியும் இடுக்குகளை அதுவே அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் அடர் நிறத்தால் உள்ளே போக முடியாது.

பாடியின் ஓரமாக ஓடும் அலங்காரக் கோடு உண்மையில் சுமார் 3 மி.மீ., அதாவது 0.13 மி.மீ. கையால் பிரஷில் வரைந்தால் இதைவிட மூன்று மடங்கு தடிக்கும். டெக்கால் கோடு, இல்லையென்றால் ஃபிரேம் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு 2 செ.மீ. மேலே உருட்டிக்கொண்டே காட்டி, தொய்யத் தொடங்கியதும் இழுத்தெடுத்த பிளாஸ்டிக் இழை. வேகமாக இழுத்தால் மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிமன்.

குரோம், நிக்கல், பித்தளை

பெட்டியில் முலாமிட்டு வரும் பாகங்கள்தான் பழைய கார் மாடல்களின் மிகப் பெரிய காலப் பிழை. குரோமியம் முலாம் கார்களில் வந்தது 1920களின் பிற்பகுதியில். அதற்கு முன் நிக்கல். அது சற்று மஞ்சள் கலந்த, வெதுவெதுப்பான வெள்ளை. அதற்கும் முன் பித்தளை. ஃபோர்டு மாடல் டி 1916 மாடல் ஆண்டு வரை பித்தளை ரேடியேட்டரோடு வந்து, 1917-இல் கறுப்பு உறைக்கு மாறியது. நீலச் சாயல் அடிக்கும் குரோம் முகப்போடு 1915 காரை நிறுத்தினால், விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கிட் முலாமை நீக்க வீட்டு ப்ளீச் போதும். சில நிமிடங்களில் தொடங்கி சில மணி நேரத்துக்குள் வெள்ளி நிற முலாம் முழுதும் கரைந்துவிடும். அதன் அடியில் மஞ்சளான வார்னிஷ் படலம் ஒன்று மிஞ்சும். அது ப்ளீச்சுக்கு அசையாது. காஸ்டிக் சோடா உள்ள அடுப்பு கிளீனரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் போகும். ப்ளீச்சோடு அமிலமோ அம்மோனியா உள்ள எதுவுமோ கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பாகத்தை நன்றாகக் கழுவி, கையுறையோடு, காற்றோட்டத்தில் செய்ய வேண்டும். அந்த வார்னிஷை விட்டுவிட்டால் அதற்குள் மூழ்கிய அச்சுக்கோடும் அப்படியே இருக்கும்.

பிறகு பளபளப்பான கறுப்பு அடித்து, அது முற்றிலும் காய்ந்தபின் ஏர்பிரஷில் குரோம் லாக்கரை மிக மெல்லிசாகத் தூவ வேண்டும். கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் குரோம் மின்னும். கறுப்பே தெரியாமல் மூடினால் சாம்பல் பெயின்ட் ஆகிவிடும். இந்தப் பூச்சில் அதிகம் என்பது குறைவு. நிக்கலுக்கு அதே வேலையை முடித்து, மேலே ஒரு துளி மஞ்சள் கலந்த கிளியரை மூடுபனி போலத் தூவினால் போதும்.

ஜன்னல் ஓரப் பட்டைகள், பக்கவாட்டு அலங்காரப் பட்டைகளுக்குச் சுயமாக ஒட்டும் மெல்லிய உலோகத்தாளைப் போல எதுவும் வராது. தேவைக்கு இரண்டு மடங்கு அகலமாக வெட்டி ஒட்டி, பஞ்சுக் குச்சியால் தேய்த்துப் படியவைத்து, புத்தம்புதுக் கத்திமுனையால் பட்டையின் விளிம்பை ஒட்டி வெட்டி மீதியை உரிக்க வேண்டும். பழைய கத்தி தாளை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். ஒவ்வொரு காருக்கும் மூன்று நான்கு முனைகள் செலவாவது சகஜம். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பாடியில் எழும்பி நிற்கும் பெயர் எழுத்துகளுக்கு ஒரு தந்திரம். பிரைமருக்குப் பிறகு, நிறத்துக்கு முன், எழுத்தின் மேல் உலோகத்தாளை ஒட்டிச் சுற்றிலும் வெட்டிவிட வேண்டும். அதன் மேலேயே நிறம் அடிக்கலாம். கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், தின்னரில் நனைத்துப் பிழிந்த துணி சுற்றிய குச்சியால் எழுத்தின் மேல்முகத்தை மட்டும் தேய்த்தால் பெயின்ட் போய் உலோகம் தெரியும். மூன்றெழுத்துச் சின்னமானாலும் இவ்வளவு கூர்மை பிரஷால் கிடைக்காது.

சக்கரங்கள்

1913 மாடல் டி-யில் முன் டயர் 30×3 அங்குலம், பின் டயர் 30×3½. 1/24-இல் அகலம் முன்னே 3.2 மி.மீ., பின்னே 3.7 மி.மீ. அரை மி.மீ. வித்தியாசம்தான், கலைந்துபோனால் பிறகு பிரித்தறிவது கஷ்டம். ஃபிரேமிலிருந்து வெட்டும்போதே தனித்தனிப் பொட்டலத்தில் போட்டுவிட வேண்டும். டயருக்குக் கரிப்பொடி சேர்ப்பது 1910களில்தான் பரவியது. அதற்கு முந்தைய ரப்பர் வெளிர் சாம்பலிலிருந்து வெள்ளைவரை இருந்தது. அதனால் அக்காலக் காருக்கு அடர் கறுப்பு டயர் கட்டாயமில்லை. பின்வந்த காலக் காருக்கும் சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பலே ரப்பராகத் தெரியும். வினைல் டயர்களின் நடுவே ஓடும் அச்சுக்கோட்டை 320 உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் கோடும் போகும், சாலையில் ஓடிய மங்கலும் வரும். வினைல் மேல் எனாமல் அடித்தால் வருடக்கணக்கில் பிசுபிசுக்கும், அக்ரிலிக் மட்டும்.

மரச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு மணல் நிற அக்ரிலிக் அடித்து, மேலே பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்ட்டைத் தடவி, காய்ந்த பிரஷால் ஆரக்காலின் நீளவாக்கில் இழுத்தால் இழையோட்டம் தானே விழும். மாடல் டி-யின் மரச் சக்கரத்தில் பன்னிரண்டு ஆரக்கால், நான்கு சக்கரத்துக்கு நாற்பத்தெட்டு. ஒரு மாலை முழுக்க ஆகும்.

கம்பிச் சக்கரம் வேறு கதை. உண்மையில் 4 மி.மீ. ஆன கம்பி 0.17 மி.மீ. ஆக வேண்டும். பிளாஸ்டிக் அச்சில் அவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியாததால் கிட்டின் கம்பிகள் மூன்று மடங்கு பருமனாக வரும். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுக் கம்பிகளை வாங்கி மாற்றலாம். செலவு செய்ய மனமில்லையென்றால் சக்கரத்தின் உட்பகுதிக்கு மங்கலான கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) கொடுத்து, கம்பியின் வெளிமுகத்தில் மட்டும் நிறம் படவைத்தால் பருமன் பாதியாகத் தெரியும்.

எஞ்சினும் உட்புறமும்

ஸ்பார்க் பிளக் ஒயர் 7 மி.மீ.; 1/25-இல் 0.28. ஒயர் போட்ட மாடல்கள் பலவற்றில் 0.5 மி.மீ.க்கு மேல் இருப்பதால் எஞ்சினின் மேல் நூடுல்ஸ் கொட்டியது போலிருக்கும். 0.3 மி.மீ. ஒயர், 0.35 துளை. 1957 செவர்லே பெல் ஏரின் வி8 என்றால் சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம். எஞ்சின் நிறம் ஆரஞ்சு. 3-இன்-1 கிட்டில் பந்தயக் காருக்கான கார்புரேட்டரும் வால்வு மூடிகளும் அதே ஃபிரேமில் கலந்திருக்கும். தொழிற்சாலைக் காரைக் கட்டுகிறவர் தேவையானதை விளக்கத்தாளில் வட்டமிட்டுவிட்டே வெட்ட வேண்டும்.

மாடல் டி-யின் மூன்று பெடல்களைப் பார்த்து கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று எண்ணிவிட வேண்டாம். இடமிருந்து கியர் மாற்றும் பெடல், ரிவர்ஸ், பிரேக். ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கக் கைப்பிடி. இடப்பக்கம் உள்ளது தீப்பொறியின் நேரத்தைக் கூட்டிக் குறைப்பது. கிட்டில் இந்த இரண்டு கைப்பிடிகளும் கடுகளவு இருக்கும், ஒடிவதும் அவைதான் முதலில். மெல்லிய செம்புக் கம்பியால் மாற்றிவிடுவது உத்தமம். தோல் இருக்கைக்குச் சற்றே மங்கிய நிறம், மடிப்புகளில் அடர் பழுப்பு வாஷ், மேடுகளில் பெயின்ட்டைத் துடைத்தெடுத்த உலர் பிரஷ்; அவ்வளவுதான்.

கண்ணாடி

கிட்டின் கண்ணாடி ஒரு மி.மீ. கனம் என்றால், பெருக்கிப் பார்த்தால் 24 மி.மீ.; குண்டு துளைக்காத கண்ணாடி ஆகிவிடும். பழைய கார்களின் தட்டைக் கண்ணாடி சுமார் 6 மி.மீ., அதாவது 0.25 மி.மீ. ஆகவே 0.25 மி.மீ. அசிடேட் தாளை வெட்டிப் போட்டால் கணக்கு நேராகும். வளைந்த கண்ணாடிக்கு இது உதவாது. அங்கே கிட் பாகத்தையே பாலிஷ் செய்து, விளிம்புக்குக் கறுப்பு அடித்தால் தடிமன் மறையும். ஒட்டுவதற்கு வெள்ளை பிவிஏ பசை மட்டும். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும், மாடல் பசை தொட்ட இடம் விரிசல் விடும்.

திறந்த கார்களின் முன்கண்ணாடிச் சட்டம் கட்டும்போது பத்துமுறை கைபட்டு ஒடியும் பாகம். மற்ற எல்லாம் முடிந்த பிறகே அதைப் பொருத்த வேண்டும், விளக்கத்தாள் எத்தனையாவது கட்டத்தில் சொன்னாலும்.

முடித்த காரை நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் டெக்கால் மஞ்சளாகும், மெல்லிய மட்கார்டு வளையும். இன்னொன்றைப் பலர் வருடங்கள் கழித்தே கவனிக்கிறார்கள். வினைல் டயரிலிருந்து கசியும் மென்மையாக்கி எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். பிளாஸ்டிக் காட்சிப் பெட்டியின் தளத்தில் நேராக நின்ற டயர் அதில் உருகிப் பதிந்துவிடும். அதே எண்ணெய் சக்கர விளிம்பையும் உள்ளிருந்து தின்னும். டயரை மாட்டும் முன் விளிம்பில் உலோகத்தாளை ஒரு சுற்று ஒட்டி, தளத்தில் டயருக்கடியில் கண்ணாடித் துண்டு வைத்துவிட வேண்டும். கட்டாத கிட் பெட்டிகளிலும் டயர்ப் பையைத் தனியே பிரித்து வையுங்கள், குறிப்பாகக் கண்ணாடிப் பாகங்கள் இருக்கும் ஃபிரேமிலிருந்து.